பவித்ராவின் அறைக்கு நீ கொண்டுவந்தவை

இன்று காலை காளவாசல் சிக்னலில் பஸ் நின்றபோது, ஜன்னல் வழியாக எனாமல் பெயிண்ட் வாசனை வந்தது. சாலையோரக் கடையில் ஒருவர் பழைய இரும்பு பீரோவைப் படுக்கவைத்து நீல வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கைப் பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் கழுத்தை வெளியே நீட்டி இன்னும் கொஞ்சம் இழுத்து முகர்ந்தேன். "அக்கா, தலைய உள்ள இழுங்க" என்று கண்டக்டர் சத்தம் போட்டார். சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த நொடி, இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. அதனால்தான் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, தாலுகா ஆபீஸ் மேஜையிலேயே உட்கார்ந்து உனக்கு இதை எழுதுகிறேன்.

பவித்ரா எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் எப்படி இருந்தாள் என்று உனக்கு நினைவிருக்கும். ஆறு வயது. காது வரை வெட்டிய முடி. யாரையும் நிமிர்ந்து பார்க்காத கண். பிள்ளை இல்லாமல் பல வருடம் இருந்துவிட்டு, தத்தெடுக்க எழுதிப் போட்டு, காத்திருந்து காத்திருந்து நாங்கள் அழைத்து வந்த மகள். அதற்கு முன்பே ஒரு குடும்பம் அவளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சில மாதம் வைத்திருந்து, 'ஒத்துவரவில்லை' என்று குழந்தைகள் இல்லத்திலேயே திரும்பக் கொண்டுவந்து விட்டிருந்தது. அதை இல்லத்தில் எங்களிடம் மறைக்கவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு வேகத்தில் இறங்கினோம். அவர் தன்னுடைய பேட்டரிக் கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு வருவார். இரண்டு பேருமாகக் கடை கடையாக ஏறி இறங்குவோம். ஆனையூர் வீட்டில் சும்மா கிடந்த சின்ன அறைக்கு ரோஸ் வண்ணம் அடித்தோம். இளவரசி படம் போட்ட கட்டில், அதே இளவரசி சிரிக்கும் மெத்தை விரிப்பு, பளபளவென்று வெள்ளை அலமாரி, உறை பிரிக்காத பொம்மைகள். எல்லாமே புத்தம் புதிது.

அவள் அறை வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். அவ்வளவுதான். திரும்பி ஹாலுக்கு வந்து, தெருக்கதவை ஒட்டித் தன் ஊதா நிறப் பையை வைத்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அன்றிலிருந்து அதுதான் அவள் இடம். பையைத் தலைக்கு வைத்து, அங்கேயே தரையில் பாய் விரித்துப் படுப்பாள். துணிகளைப் பையிலிருந்து எடுத்து உடுத்தி, துவைத்து மடித்ததும் மறுபடி பைக்குள்ளேயே வைப்பாள். சாப்பிட்ட தட்டை அவளே கழுவுவாள். தண்ணீர் குடிப்பதற்குக்கூட, "ஆன்ட்டி, குடிக்கட்டுமா?" என்று அனுமதி கேட்பாள். ஒரு அடம் கிடையாது, அழுகை கிடையாது. அக்கம்பக்கத்தில் பார்த்தவர்கள், தங்கமான பிள்ளை என்றார்கள். எனக்கோ அவள் ஏதாவது ஒன்றுக்கு அடம்பிடிக்க மாட்டாளா என்றிருந்தது.

தத்துக்கான உத்தரவு அப்போது இன்னும் வந்திருக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குழந்தையைப் பார்த்துப் போக ஒரு அதிகாரி அம்மா வருவார். அவர் அந்தப் பையையும் கதவோரத்துப் பாயையும் நெடுநேரம் பார்த்தார். போகும்போது என்னைத் தனியே கூப்பிட்டு, "நீங்க நல்லாத்தான் பாத்துக்கிறீங்க. ஆனா பிள்ள இன்னும் ஒட்டலையேம்மா. இப்படியே இருந்துச்சுன்னா என்ன செய்யிறதுன்னு நாங்களும் யோசிக்கணும். அடுத்த தடவ வாரப்ப பாப்போம்" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. கேட் பூட்டும் சத்தம் அடங்குவதற்குள் உனக்குப் போன் செய்தேன்.

கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து எனக்கு எது என்றாலும் நீதான். ஆனால் உன்னிடம் நான் கேட்டது ஆறுதல் மட்டும்தான். நீ ஆறுதல் சொல்லும் ஆளே இல்லை என்பதை மறந்துவிட்டேன். இன்சூரன்ஸ் ஏஜெண்டாக மதுரையில் நீ ஏறாத மாடிப்படி கிடையாது. எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யார் மகள் கோபித்துக்கொண்டு வந்திருக்கிறாள், யார் வீட்டுப் பரணில் என்ன கிடக்கிறது, எல்லாம் உனக்குத் தெரியும். மறுநாள் சாயங்காலமே கோரிப்பாளையத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கினாய். பர்தாவின் கைகளை மடக்கி விட்டுக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல், பவித்ராவுக்குப் பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்தாய்.

அவளிடமும் பேசவில்லை. உன் கைப்பையிலிருந்து அவித்த நிலக்கடலைப் பொட்டலத்தை எடுத்தாய். உரித்து வாயில் போட்டு, தோலை அப்படியே தரையில் போட்டாய். அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒவ்வொரு தோலாகப் பொறுக்கித் தன் உள்ளங்கையில் சேர்க்க ஆரம்பித்தாள். நான் அடுப்படியில் டீ போட்டபடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"நீ எதுக்குத்தா பொறுக்குற? தரை ஒண்ணும் சொல்லாது."

"அழுக்காயிரும்."

"அழுக்கானா என்ன?"

நீ இன்னொரு கடலையை உரித்து அவளிடம் நீட்டினாய். அதை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "அந்த வீட்டுல கட்டில்ல ஜூஸக் கொட்டிட்டேன். புதுக் கட்டிலு. அதான் திரும்பக் கொண்டு வந்து விட்டுட்டாங்க."

உண்மையில் அவர்கள் எதற்காக விட்டார்களோ, நமக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்த காரணம் அதுதான். புதுச் சாமானைக் கெடுத்தால் வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள். அவளுக்காக நாங்கள் புதுச் சாமானாகவே ஒரு அறையை நிரப்பி வைத்திருந்தோம்.

நீ அடுப்படிக்கு வந்து டீயை வாங்கிச் சுடச்சுடக் குடித்தாய். உன் கண் சிவந்திருந்தது. டம்ளரை வைத்துவிட்டு, "அடியே, அந்த ரூமப் பூரா காலி பண்ணு" என்றாய்.

"எதுக்குடி? எம்புட்டு ஆசையா வாங்குனோம்."

"ஆசையாத்தான் வாங்குன. அங்க இருக்கிற ஒவ்வொண்ணும் அந்தப் பிள்ளைய மெரட்டுதுடி. கீறல் விழுந்தது, கறை பட்டது, மூலை ஒடைஞ்சது, அந்த மாதிரிச் சாமானாப் பாத்துக் கொண்டு வருவோம். அவ கெடுக்குறதுக்குன்னு அந்த ரூம்ல ஒண்ணும் மிச்சம் இருக்கக் கூடாது."

என் வீட்டுக்காரர் இதைக் கேட்டதும் எழுந்து போய், இளவரசிக் கட்டிலின் மரையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். அவர் அப்படித்தான். யோசிப்பதெல்லாம் கை வேலை செய்யும்போதுதான்.

அதற்கடுத்த இரண்டு மூன்று வாரம் நீ நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. பாலிசி போட்ட வீடுகளுக்கெல்லாம் போய், பாலிசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் பரணைப் பார்த்தாய். உங்கள் வீட்டுப் பரணில் கழற்றிப் போட்டிருந்த இரும்புக் கட்டில் முதலில் வந்தது. நீயும் உன் அண்ணன்மாரும் குதித்துக் குதித்து, அதன் தலைமாட்டுக் கம்பி ஒன்று வில்லாக வளைந்திருந்தது. செல்லூரில் ஒரு ஓய்வுபெற்ற டீச்சர் வீட்டிலிருந்து சின்ன மர அலமாரி. அதன் இரண்டு கதவுக்கும் உட்புறம் அவர் பிள்ளைகள் ஒட்டிய தீப்பெட்டிப் படங்கள் அப்படியே இருந்தன. பட்டாளத்திலிருந்து வந்தவர் ஒருவர் தந்த பச்சை டிரங்குப் பெட்டி, பொம்மை போட்டு வைக்க. என் கல்யாணத்துக்குப் பிறகு கட்டிக் கட்டிப் பஞ்சுபோல் மெலிந்துபோன சுங்குடிச் சேலைகளை அடுக்கி நாம் இரண்டு பேரும் ஒரு மெத்தைப் போர்வை தைத்தோம். என் தையல் நேராகப் போகும். உன்னுடையது வைகையைப்போல வளைந்து வளைந்து போகும். "பிரிச்சுத் தைப்பமா?" என்று கேட்டதற்கு, "கோணலாத்தான் இருக்கணும். நேராத் தைச்சா அதுக்கும் பயப்படுவா" என்றாய். பனையோலையில் முடைந்த சின்னக் கொட்டானைக் கவிழ்த்து நீ விளக்குக்கு மூடி செய்தாய். என் வீட்டுக்காரர் அதற்கு ஒயர் இழுத்துக் கொடுத்தார். அவருடைய பழைய கைலியில் ஒரு பொம்மை தைத்து, கண்ணுக்குக் கிடைத்த பொத்தான்களைப் போட்டோம். ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது.

குட்டியானை லோடு வண்டியில் இந்தச் சாமானெல்லாம் வந்து இறங்கிய ஞாயிற்றுக்கிழமைதான் என் நாத்தனார் திருமங்கலத்திலிருந்து வந்து சேர்ந்தார். வாசலில் கிடந்த கட்டில் கம்பிகளையும் டிரங்குப் பெட்டியையும் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார்.

"என்னம்மா இது, பழைய இரும்புக் கடை போடப் போறீகளா?"

"பிள்ளை ரூமுக்கு மதினி" என்றேன்.

"பிள்ளை ரூமுக்கா? வந்த பிள்ளைதானன்னு பழசப் போட்டு வளக்குறாகன்னு ஊரு பேசாதா? பெத்த பிள்ளையா இருந்தா இப்படிச் செய்வீகளா?"

எனக்கு முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. நல்ல வேளை, பவித்ரா உள்ளே இருந்தாள். நீ அலமாரியைத் தூக்கிக்கொண்டிருந்தவள் அதைக் கீழே வைத்துவிட்டு வந்தாய்.

"மதினி, உங்க மகன் சின்னதுல படுத்த தொட்டிலு கடையில வாங்குனதா?"

"அது எங்க வீட்டுத் தொட்டிலு. எங்க அப்பா படுத்தது. நானும் என் தம்பியும் படுத்தது. அதத்தான் எம்மகனுக்கும் கட்டுனோம்."

"அப்பப் பழசு யாருக்குக் குடுக்குறோம்? சொந்தப் பிள்ளைக்குத்தான குடுக்குறோம். வீட்டுக்கு வார விருந்தாளிக்குத்தான் புது விரிப்பா எடுத்துப் போடுவோம். இந்தப் பிள்ளை விருந்தாளியா மதினி?"

மதினி உன்னையே பார்த்துக்கொண்டு நின்றார். காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். நான்கைந்து நாளில் மறுபடி வந்தார். கையில் துணி சுற்றிய ஒரு நீளப் பொட்டலம். பிரித்தால், சிவப்பும் மஞ்சளும் அரக்குப் பூசிய, அவர்கள் வீட்டுத் தொட்டிலின் கம்பு. "ஜன்னலுக்குத் திரை போடக் கம்பு வேணும்ல" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு, அடுப்படிக்குள் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டார். நீ என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாய். புகுந்த வீட்டில் நான் அடைந்த முதல் வெற்றி அதுதான். அதை எனக்கு நீதான் பெற்றுத் தந்தாய்.

மொட்டைமாடியில் கட்டிலுக்கு வண்ணம் அடித்த நாளைப் பற்றி எழுதாமல் முடியாது.

துருவைத் தேய்த்து எடுக்க உப்புத்தாள் வாங்கி வந்திருந்தாய். பவித்ரா படிக்கட்டின் கடைசிப் படியில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ அவளை அழைக்கவில்லை. "எனக்குக் கை வலிக்குது. இந்தக் கட்டில் காலை யாராச்சும் தேச்சா நல்லாருக்கும்" என்று காற்றிடம் சொல்வதுபோலச் சொன்னாய். கொஞ்ச நேரம் கழித்து அவள் வந்து ஒரு துண்டு உப்புத்தாளை எடுத்துக்கொண்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, அவ்வளவு கவனமாகத் தேய்த்தாள். துரு உதிர்ந்து உள்ளே இரும்பு தெரிந்தபோது அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு நீ ஒரு சின்னப் பிரஷ்ஷைக் கொடுத்தாய். நீல வண்ணம். அவள் ஒரு காலுக்கு அடித்து முடித்துவிட்டு, அடுத்த காலுக்குப் போகத் திரும்பியவள், டப்பாவைக் காலால் தட்டிவிட்டாள்.

கழற்றிக் கழுவிக் காயப் போட்டிருந்த அலமாரிக் கதவின் மேல் நீலம் பரவியது. உன் பர்தாவின் ஓரமெல்லாம் தெறித்தது. நான் "ஐயோ" என்றதுகூட இல்லை. ஆனால் அவள் முகம் வெளுத்துப்போய், படிகளில் தடதடவென்று இறங்கி ஓடிவிட்டாள்.

நான் கீழே போய்ப் பார்த்தபோது, செருப்பைப் போட்டுக்கொண்டு, ஊதாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கேட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். அழவில்லை. தெருவைப் பார்த்தபடி, "போன் பண்ணிருங்க ஆன்ட்டி. வந்து கூட்டிட்டுப் போயிருவாங்க" என்றாள். அந்தக் குரலில் ஒரு குறையும் இல்லை. இதுதான் வழக்கம் என்பது போன்ற குரல். அவளைத் தூக்கக் கையை நீட்டினால் அவள் பின்னால் நகர்ந்தாள்.

அப்போது நீ படியிறங்கி வந்தாய். வரும் வழியெல்லாம் நீலக் கால்தடம். அவளுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாய்.

"ஏத்தா, ஒரு கதவுல மட்டும் ஊத்திட்டு நீ பாட்டுக்கு வந்துட்டா எப்படி? அலமாரிக்கு ரெண்டு கதவு. ஒண்ணு நீலம், ஒண்ணு மரக் கலரு, பாக்குறதுக்கு நல்லாவா இருக்கு? வா, வந்து அதுலயும் ஊத்து."

அவள் நம்பவில்லை. "திட்ட மாட்டீங்களா?"

"திட்டுவேன். பாதி வேலையில ஓடிப் போனாத் திட்டுவேன்."

அவள் என்னைப் பார்த்தாள். வந்த நாளிலிருந்து அவள் என் முகத்தை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் தலையாட்டினேன். பையைத் தோளிலிருந்து இறக்காமலே மேலே ஏறினாள். டப்பாவில் மிச்சமிருந்ததை இரண்டு கையாலும் தூக்கி, இரண்டாவது கதவில் மெதுவாக ஊற்றினாள். ஊற்றிவிட்டு உன் முகத்தைப் பார்த்தாள். நீ கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, ஒரு பெரிய அதிகாரியைப் போல அந்தக் கதவைச் சோதித்தாய். "இந்த மூலையில பத்தலையே" என்றாய். அவள் சிரித்தாள். களுக்கென்று ஒரு சத்தம். பிறகு அடக்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சத்தம் கேட்டு மேலே வந்த என் வீட்டுக்காரர், வெள்ளை வேட்டியோடு அங்கேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, "எனக்கும் ஒரு பிரஷ் குடுங்க" என்றார். அவர் அழுதுகொண்டிருந்தார் என்பதை நாம் இரண்டு பேரும் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தோம்.

எப்போது பையை இறக்கி வைத்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. சாயங்காலம் துணி எடுக்கப் போனபோது அது மாடிக் கைப்பிடிச் சுவரோரம் தனியே கிடந்தது.

புறப்படும்போது அவளிடம், "ஆன்ட்டின்னு கூப்புட்டா எனக்கு யாரையோ கூப்புடுற மாதிரி இருக்கு. எங்க வீட்டுல சின்னம்மாவ சாச்சின்னு சொல்லுவோம். நீயும் அப்படியே கூப்புடு" என்றாய். அவள் உடனே கூப்பிடவில்லை. நீ ஸ்கூட்டியைக் கிளப்பித் தெருமுனை திரும்பிய பிறகு, கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அதை நான் போனில் சொன்னபோது, வழியில் வண்டியை நிறுத்திவிட்டு, "இன்னொரு தடவ சொல்லுடி" என்றாய்.

அறை தயாரானதும் அவளை யாரும் அங்கே படு என்று சொல்லவில்லை. ஒரு ஞாயிறு மதியம், சாப்பிட்டுவிட்டு அவளைத் தேடினால் ஹாலில் இல்லை. கட்டிலில் ஏறி, அந்த வளைந்த கம்பியில் கால் பெருவிரலை மாட்டிக்கொண்டு, கைலிப் பொம்மையின் மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஓலைக் கொட்டான் வழியாக விளக்கு வெளிச்சம் புள்ளி புள்ளியாய்ச் சுவரில் விழுந்திருந்தது. பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறாள். என் வீட்டுக்காரர் அணைக்கப் போனார். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கடுத்த வாரம் அவள் துணிகளெல்லாம் அலமாரிக்குப் போயிருந்தன. மடிப்பு மடிப்பாக இல்லை. சுருட்டிச் சுருட்டித் திணித்திருந்தாள். அந்த அலங்கோலத்தைப் பார்த்து நான் பட்ட சந்தோஷத்தை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

அதிகாரி அம்மா அடுத்த தடவை வந்த நாளில் நீயும் இருந்தாய். மதினியும் திருமங்கலத்திலிருந்து வந்து, பரீட்சை எழுதப் போகும் பிள்ளையைப் போல நெற்றியில் விபூதியோடு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா கதவோரத்தைப் பார்த்தார். பாய் இல்லை, பை இல்லை. "பாப்பா எங்க தூங்குற?" என்று கேட்டார்.

பவித்ரா அவர் கையைப் பிடித்து அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நாம் எல்லோரும் பின்னால் போனோம். "இது சாச்சி வீட்டுக் கட்டிலு. சாச்சி குதிச்சு வளைச்சது. இது எங்க அத்தை குடுத்த கம்பு. அத்தை, அப்பா எல்லாம் சின்னப் பிள்ளையில இதுல கட்டுன தொட்டில்ல படுத்தாங்க. இது நான் ஊத்துன பெயிண்ட்" என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். மதினி மூக்கை உறிஞ்சுவது எனக்குக் கேட்டது.

அந்த அம்மா குனிந்து கேட்டார்: "உனக்கு இங்க இருக்கப் பிடிச்சிருக்கா?"

பவித்ராவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "இது எங்க வீடு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, கொஞ்சம் கண்டிப்பான குரலில், "அம்மா, இவங்களுக்கு டீ போடலையா?" என்று கேட்டாள்.

அதற்கு முன் அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டதே இல்லை. நான் அடுப்படிக்குப் போய், தண்ணீர் வைக்காமல் அடுப்பை மட்டும் பற்றவைத்துவிட்டு நின்றேன். நீதான் பின்னால் வந்து பாத்திரத்தை வைத்தாய். "அழுகாதடி. டீத்தூள் எங்க இருக்கு?" என்றாய். நீயும் அழுதுகொண்டுதான் இருந்தாய்.

உத்தரவு வந்த அன்று உங்கள் வீட்டிலிருந்து ஒரு தட்டு நிறையத் தம்ரூட் இனிப்பு செய்து கொண்டுவந்தாய். கோதுமை ரவையும் நெய்யும் மணக்க மணக்க, தெருவில் ஒரு வீடு விடாமல் பவித்ராவையே கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னாய். "எதுக்குன்னு கேட்டா என்ன சொல்ல?" என்று அவள் கேட்டதற்கு, "ஜெயிச்சுட்டோம்னு சொல்லு" என்றாய். அவளும் வீடு வீடாக அப்படியே சொல்லிவிட்டு வந்தாள். எதில் ஜெயித்தாள் என்று தெரியாமலே எல்லோரும் வாழ்த்தினார்கள்.

உன் உடம்புக்கு வந்ததை நீ எங்களிடம் கடைசிவரை சின்ன விஷயமாகவே சொன்னாய். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நாலு நாள் எங்கள் வீட்டில் இருந்தாயே, அப்போது பவித்ரா தன் அறையைத்தான் உனக்குக் கொடுத்தாள். உங்கள் வீட்டுக் கட்டிலிலேயே நீ மறுபடி படுத்தாய். அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உன் காலடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். நீ கண்ணை மூடிக்கொண்டே அவளைத் திருக்குறள் ஒப்பிக்கச் சொல்வாய். தப்பாகச் சொன்னால் கண்ணைத் திறக்காமலே காலால் தட்டுவாய். நீ போன அன்று உங்கள் வீட்டுப் பெண்களோடு பெண்களாக நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். உன் அண்ணன் மனைவி பவித்ராவைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். யார் இந்தப் பிள்ளை என்று அங்கே ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. என்னைவிட உயரம். அறையைத் திறந்து பார்த்தால் எனக்குக் கோபம் வருகிற அளவுக்குப் போட்டு வைத்திருக்கிறாள். சொன்னால் எதிர்த்துப் பேசுகிறாள். நன்றாகப் பேசுகிறாள்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ போன பிறகு, அந்த அதிகாரி அம்மா ஒருநாள் போன் செய்தார். மேலூர் பக்கம் ஒரு தம்பதி ஒரு சிறுமியை அழைத்து வந்திருக்கிறார்கள், பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை, நீங்கள் போய்ப் பேச முடியுமா என்று கேட்டார். எனக்குப் பயமாக இருந்தது. நீ இல்லாமல் என்ன பேசுவது என்று தயங்கினேன். பவித்ராதான் "நான் வாரேன்மா, போவோம்" என்று கிளம்பினாள். போனோம். அந்தச் சிறுமியோடு அவள் தரையில் உட்கார்ந்து என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. நான் அந்தச் சிறுமியின் புது அம்மாவோடு அடுப்படியில் நின்று, வீட்டில் பழைய சேலை என்னென்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு இன்னும் சில வீடுகளுக்குப் போய் வந்துவிட்டோம். அந்த மேலூர்ச் சிறுமி இப்போது அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு சண்டை போடுகிறாளாம். அவள் அம்மா போனில் புகாராகத்தான் சொன்னார். குரலில் மட்டும் பெருமை.

போன சனிக்கிழமை நடந்தது இது. ஆனையூர் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் சின்னப் பிள்ளைகள் உட்காரும் மர நாற்காலி ஒன்று மழையில் நனைந்துகொண்டு கிடந்தது. புதிதாக ஒரு பையன் வந்திருக்கும் வீட்டுக்கு அது சரியாக இருக்கும் என்று பட்டது. பிறந்ததிலிருந்து நான் யாரிடமும் எதையும் வாய்விட்டுக் கேட்டவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். கல்லூரியில் பேனா கடன் கேட்கக்கூட உன்னைத்தான் அனுப்புவேன். அன்றைக்கு நான் போய் அந்த வீட்டு மணியை அடித்தேன். வயதான ஒருவர் கதவைத் திறந்தார்.

"யாரும்மா? என்ன வேணும்?"

"மாடியில ஒரு நாற்காலி கெடக்கே. ஒரு பிள்ளைக்கு வேணும். தருவீங்களா?" என்றேன். குரல் நடுங்கவில்லை.

அவர், "என் பேரன் உக்காந்தது. அவன் இப்ப கப்பல்ல வேலை பாக்குறான்" என்று சொல்லிக்கொண்டே தானே மாடியேறிப் போய் எடுத்து வந்து, துண்டால் ஈரத்தைத் துடைத்துக் கொடுத்தார்.

கனமான நாற்காலி. நான் ஒரு பக்கமும் பவித்ரா ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தோம். நடுரோட்டில் அவளுக்குப் பிடி நழுவ, கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கினோம். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் நின்ற டவுன் பஸ் டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. ஸ்டியரிங்கில் கையை ஊன்றிக்கொண்டு எங்களையே பார்த்தார். எனக்கு வெட்கமாகவே இல்லை. பவித்ரா பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, "ரெடியாம்மா?" என்றாள். தூக்கினோம். மதுரை மொத்தமும் காத்திருக்கட்டும் என்பதுபோல, அவசரப்படாமல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தோம்.